உள்ளே வரலாமோ?

கனடாவாழ் பழைய மாணவன் ஒருவன்

மலர்க் குழுவினர் கட்டுரை வேண்டி எனக்கு எழுதிய கடிதத்தில், "உமது தொழிலைப் பற்றியே எழுதலாம்" என்று ஒரு வரி காணப்பட்டது. புதிதாகக் கட்டப்படும் வீடுகளை இணையத்தின் வழியாக விளம்பரஞ் செய்து விற்பது என் தொழில். பண்டிதர்களும் வைத்தியர்களும் நீதிபதிகளும் பொறியியலாளரும் எழுதும் மலரிலே வீட்டு விளம்பரக்காரனுக்கு என்ன வேலை என்று முதலில் தயங்கினேன். பின்னர் சிந்தித்துப் பார்த்தபொழுது, அத்தொழிலில் நான் கற்ற தலையாய பாடம் நம் கல்லூரியின் வகுப்பறை வாயிலிலே தொடங்கி, நம் பழைய மாணவர் சங்கத்தின் பெயர் இடாப்பு வழியாகச் சென்று, நம் ஆசிரியர் ஒருவராலேயே நிறைவு செய்யப்பட்டது என்பது நினைவுக்கு வந்தது. அப்பாடத்திலே என் குற்றம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதைச் சொல்லுவதற்கு இம்மலரினும் தகுந்த இடம் வேறில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதியில் எங்களுக்குக் கணிதம் கற்பித்தவர் பிரம்பைத் தொடாதவர். ஆயினும் அவர் வகுப்புக்குப் பிந்தி வருவதற்கு எங்களுள் எவருக்கும் துணிவில்லை. பிந்தி வருபவன் வாயிற்படியில் நின்று, "உள்ளே வரலாமோ, சேர்?" என்று கேட்டல் வேண்டும். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பவர் அந்த வரியை எழுதி முடித்து, வெண்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பித் தலையசைக்கும்வரை அவன் அங்கேயே நிற்றல் வேண்டும். ஒருநாள் மாரி மழையில் நனைந்து ஓடிவந்த நான், அவர் பலகையை நோக்கி நிற்பதைக் கண்டு, சத்தமின்றி என் வாங்கில் வந்து அமர்ந்துவிட்டேன். அவர் திரும்பாமலே, "வெளியே போய்க் கேட்டு வாரும்" என்றார். நான் போய் நின்று கேட்டேன். "முதலே கேட்டிருந்தால் வாரும் என்றுதான் சொல்லியிருப்பேன். கேளாமல் வந்தபடியால் நீர் முன்னே வந்தது கணக்கில் இல்லை" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அதன் பொருள் விளங்க எனக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது.

நம் ஊர் வீடுகளிலும் இதே ஒழுங்குதான் இருந்தது. வருபவர் எத்துணை நெருங்கியவராயினும் படலையில் நின்று, "வீட்டுக்காரர்!" என்று குரல் கொடுப்பார். உள்ளிருந்து மறுகுரல் வரும்வரை வளவுக்குள் கால் வைக்கமாட்டார். வீடு கட்டும் காரியமும் அப்படியே. வீடு வேண்டியவர்தாம் மேசனையும் ஓடாவியையும் தேடிப் போவார். நிலையம் எடுப்பித்து, நாள் பார்த்து, அத்திவாரக் கல் வைப்பார். மேசன் ஒருவர் ஊரெல்லாம் படலை தட்டி, "வீடு கட்டப் போகிறீர்களோ?" என்று கேட்டதை நான் கண்டதில்லை. அவர் முன்னே கட்டிய வீடு தெருவோரம் நின்று அவருக்காகப் பேசும்.

1986ஆம் ஆண்டு கனடாவுக்குச் சென்றேன். பத்தாண்டுகள் உணவகத்திலும் தொழிற்சாலையிலும் இரவுப் பாடசாலையிலும் கழிந்தபின், 1996இல் ரொறன்ரோவுக்கு வடக்கே வீடுகள் கட்டும் நிறுவனமொன்றின் விற்பனை அலுவலகத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். அங்கே வீடு கட்டுவது நம் ஊர் முறையன்று. நிறுவனம் பெரிய விளைநிலமொன்றை வாங்கி, நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரித்து, தெருவும் வடிகாலும் மின்சாரமும் அமைத்து, வரிசை வரிசையாக வீடுகளை எழுப்புகிறது. ஆனால், அத்திவாரம் வெட்டுமுன்னரே விற்பனை தொடங்கிவிடும். வாங்குபவர் கண்ணாற் காண்பன ஒரு வரைபடமும் ஒரு மாதிரி வீடுமே. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட நாளுக்கும் திறப்புக் கையில் கிடைக்கும் நாளுக்கும் இடையே ஓராண்டு செல்லும். சிலவேளை அதற்கு மேலும் செல்லும். இல்லாத வீட்டை விற்பதாகையால், இத்தொழிலுக்கு நம்பிக்கையே முதல்.

அந்நாளில் விளம்பரம் என்பது சனிக்கிழமைப் பத்திரிகையின் முழுப்பக்கமும், வார இறுதியில் தெருமுனைகளில் நாட்டும் பலகைகளுமாகவே இருந்தது. அவற்றைக் கண்டு மாதிரி வீட்டுக்கு வருவோர் ஓர் அட்டையில் பெயர் முகவரிகளை எழுதிக் கொடுப்பர். 1998இல் எங்கள் நிறுவனத்துக்கு ஓர் இணையத்தளம் அமைந்தது. சிறிது கணினி அறிந்தவன் என்பதால் அது என் பொறுப்பாயிற்று. மாதிரி வீட்டின் அட்டையை அப்படியே தளத்தில் வைத்தோம். இரவு பதினொரு மணிக்கும் பெயர்கள் வந்து விழுந்தன. பிள்ளைகளை உறங்கவைத்தபின் கணவனும் மனைவியும் கணினிமுன் அமர்ந்து வீட்டு வரைபடம் பார்க்கும் காலம் பிறந்துவிட்டது என்று உணர்ந்தோம்.

கூடவே ஆசையும் பிறந்தது. பத்திரிகையில் ஒரு பக்கத்துக்குப் பெரும் பணம் வேண்டும். ஆயிரம் கடிதம் அனுப்ப ஆயிரம் முத்திரை வேண்டும். மின்னஞ்சலுக்கோ முத்திரையில்லை. ஒருவருக்கு அனுப்புவதும் ஓராயிரம் பேருக்கு அனுப்புவதும் ஒரே செலவு. இந்த ஆசை புதியதன்று. 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் தேதி, டிஜிற்றல் எக்குயிப்மென்ற் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தைச் சேர்ந்த காரி தூர்க் என்பவர், அக்கால ஆர்ப்பாநெற் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்குத் தம் கணினிகளைப் பற்றிய விளம்பரத்தை ஒரே முறையில் அனுப்பினார். கேளாமல் வந்த முதல் மின் விளம்பரம் அதுவே என்பர். பிற்காலத்தில் இத்தகைய மடல்களுக்கு 'ஸ்பாம்' என்று பெயர் வந்தது. அது 1937 முதல் தகரத்தில் அடைத்து விற்கப்படும் பன்றியிறைச்சியின் பெயர். உணவகமொன்றில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியே வந்து சேர்வதாக 1970இல் ஆங்கில நகைச்சுவைக் குழுவொன்று நடித்த காட்சியிலிருந்து அப்பெயர் பிறந்தது. சைவ உணவு உண்ணும் நம்மவர்க்கு அந்தத் துன்பத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். 2002ஆம் ஆண்டு நான் அங்குள்ள நம் பழைய மாணவர் சங்கத்தின் உதவிச் செயலாளருள் ஒருவனாக இருந்தேன். கூட்ட அறிவித்தல்கள் அனுப்புவதற்காக 400க்கு மேற்பட்டோரின் மின்னஞ்சல் முகவரிகள் என்னிடம் இருந்தன. அந்த வேனிற்காலத்தில் எங்கள் நிறுவனம் புதிய குடியிருப்பொன்றின் விற்பனையைத் தொடங்கவிருந்தது. நம்மவர்கள் அடுக்குமாடிகளை விட்டுத் தனிவீடு தேடிய காலம். ஓரிரவு நான் அந்த இடாப்பை எடுத்து, "நம் கல்லூரிப் பழைய மாணவர்க்கு ஒரு நற்செய்தி" என்று தலைப்பிட்டு, நான்கு அறை வீடுகளின் படத்தையும் விலையையும் எல்லோருக்கும் அனுப்பினேன். நம்மவர்க்கு நன்மை செய்கிறேன் என்றே என் மனத்துக்குச் சொல்லிக்கொண்டேன். விற்பனையால் வரக்கூடிய தரகுப் பணத்தை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பத்து நாட்களின் பின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின்மேல் இருந்த சாய்வெழுத்தை உடனே அறிந்துகொண்டேன். கரும்பலகையில் எத்தனையோ ஆண்டுகள் கண்ட எழுத்து. எங்கள் கணித ஆசிரியர் ஸ்காபரோவில் தம் மகளுடன் வசிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டின் மின்னஞ்சல் முகவரியும் இடாப்பில் இருந்தது. அவர் எழுதியிருந்ததன் சாரம் இது:

"அன்புள்ள தம்பிக்கு, கல்லூரிப் பெயரில் நற்செய்தி வந்திருக்கிறது என்று பேரன் சொன்னான். ஏ9 பாதை திறந்திருக்கும் இந்நாளில், கல்லூரியைப் பற்றியோ ஊரைப் பற்றியோ ஏதோ சேதி என்று எண்ணி, அதைக் கடதாசியில் அச்செடுத்துத் தரும்படி கேட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். வீட்டு விலை இருந்தது. வீடு விற்பது நல்ல தொழில். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால், என் முகவரியை நான் கல்லூரிக்குக் கொடுத்தேன், உமக்குக் கொடுக்கவில்லை. நீர் மறுபடியும் கேளாமல் வந்து வாங்கில் அமர்ந்துவிட்டீர்."

அந்த ஆண்டின் நிலைமையை இளைய வாசகர்க்கு நினைவூட்டல் வேண்டும். 2002 பெப்ரவரியில் போர் நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஏப்பிரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டது. புலம்பெயர்ந்திருந்த முதியோர் ஒவ்வொருவரும் ஊரிலிருந்து ஒரு சொல் வராதா என்று காத்திருந்த காலம் அது. அந்தக் காத்திருப்பின் வாயிலாகவே நான் அவர் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். விளம்பரத்தின் கெட்டித்தனம் என்று நான் மெச்சியிருந்த தலைப்பு, ஒரு முதியவரின் ஆவலைக் களவெடுத்ததாக முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சென்றேன். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நின்று அழைப்பு மணியை அழுத்தினேன். "யார்?" என்று குழாயில் அவர் குரல் கேட்டது. பெயரைச் சொல்ல நா எழவில்லை. "உள்ளே வரலாமோ, சேர்?" என்றேன். சிறிது நேரம் மௌனம். பின்னர் சிரிப்பும், கதவு திறக்கும் ஒலியும் கேட்டன.

தேநீர் அருந்தியபின் எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பப் போகிறேன் என்றேன். "அதுவும் கேளாமல் போகும் இரண்டாவது கடிதமல்லவா?" என்றார். "எங்கே பிழை செய்தீரோ அங்கே எழுந்து நின்று சொல்லும். பிறகு, வீட்டுச் சேதி வேண்டியவர்களை அவர்கள் கையாலேயே பெயர் எழுதித் தரச் சொல்லும். வேண்டாதவரின் பெயர் உமக்குச் சுமை."

அவ்வாறே சங்கத்தின் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். என் கால்கள் நடுங்கின. சிலர் சிரித்தனர், சிலர் முகம் சுளித்தனர். சங்க இடாப்பைச் சங்கக் காரியங்களுக்கன்றிப் பிறவற்றுக்குப் பயன்படுத்தலாகாது என்று தீர்மானம் நிறைவேறியது. அதை முன்மொழிந்தவனும் நானே. உதவிச் செயலாளர் பதவியையும் விட்டு நீங்கினேன். வாயிலருகே மேசையில் வெற்று அட்டைகளை வைத்திருந்தேன். வீடு பற்றிய செய்தி வேண்டுவோர் பெயர் எழுதலாம் என்றேன். பத்தொன்பது பேர் எழுதினர். அவர்களுள் பலர் பின்னர் மாதிரி வீட்டுக்கு வந்தனர். சிலர் வாங்கவும் செய்தனர். நானூறு பேருக்கு அனுப்பிய விளம்பரத்தால் ஒருவரும் வந்திலர்.

அதன் பின்னரே இம்முறைக்கு ஒரு பெயரும் நூலும் உண்டு என்று அறிந்தேன். சேத் கோடின் என்ற அமெரிக்கர் 1999இல் 'பெர்மிஷன் மார்க்கெற்றிங்' என்ற நூலை வெளியிட்டிருந்தார். மக்களின் கவனத்தை இடைமறித்துப் பறிப்பதை விட்டு, கேட்டுப் பெற்ற அநுமதியைச் சிறிது சிறிதாக வளர்ப்பதே இனி வரும் வணிகத்தின் வழி என்பது அவர் கொள்கை. வாசிக்க வாசிக்க எனக்கு வகுப்பறை வாயிலே கண்முன் நின்றது.

எங்கள் அலுவலகத்தில் இக்கொள்கையை நடைமுறைப்படுத்திய விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தளத்தில் பெயர் பதிவோரிடம் முதலில் பெயரும் முகவரியும் மாத்திரமே கேட்டோம். வருமானம், தொலைபேசி, இப்போது குடியிருக்கும் வீட்டின் வாடகை என்று முதற் சந்திப்பிலேயே துருவினால் வந்தவர் திரும்பிவிடுவார். செய்தி அனுப்பச் சம்மதம் என்ற பெட்டியை வெறுமையாக வைத்தோம். அடையாளமிடுவது அவர் கை. பதிந்த பின்னர் ஒரு மடல் சென்று, "இது நீங்களே பதிந்ததுதானா?" என்று கேட்கும். அதற்கு அவர் மறுமொழி தந்த பின்னரே இடாப்பில் ஏறுவார். மாதம் ஒன்றுக்கு ஒரு மடல் என்று சொன்னால் ஒன்றுதான். மார்க்கத்தில் மூன்று அறையுள்ள தொடர்வீடு வேண்டியவருக்குப் பிரம்டனில் உள்ள மாளிகையைப் பற்றி எழுதுவதில்லை. ஒவ்வொரு மடலின் அடியிலும் வெளியேறும் வழி இருக்கும். வெளியேறுபவரிடம் காரணம் கேட்பதில்லை.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்று நம்மவர் சொல்வர். வீடு ஒருவர் வாழ்நாளில் ஓரிரு முறை வாங்கும் பொருள். வங்கிக் கடன், பிள்ளைகளின் பாடசாலை, கோயிலுக்கும் வேலைக்குமுள்ள தூரம், பெற்றோருக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை என்று எத்தனையோ யோசனைகளுக்குப் பின்னரே முடிவாகும். அத்துணை நீண்ட யோசனையை ஒரு திடீர் விளம்பரம் அசைக்காது. மாதந்தோறும் வரும் பயனுள்ள கடிதமோ மெல்ல மெல்ல நம்பிக்கையை வளர்க்கும். விலைக்கு மேலாகச் சட்டத்தரணிக்கும் வரிக்கும் எவ்வளவு ஒதுக்கவேண்டும் என்று எழுதினோம். ஒன்ராறியோவில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி புதுவீடுகளுக்கு உத்தரவாதம் உண்டு: வேலைக் குறைகளுக்கு 1 ஆண்டு, நீர்க் கசிவுக்கும் மின் இணைப்பு முதலியவற்றுக்கும் 2 ஆண்டு, பெருங் கட்டமைப்புக் குறைகளுக்கு 7 ஆண்டு. அதையும் விளக்கி எழுதினோம். விற்பனையைப் பற்றியே பேசாத அம்மடல்களே மிகுதியாக வாசிக்கப்பட்டன.

2004இல் ஒருநாள் மாதிரி வீட்டு மேசையில் இருந்த அட்டைகளை எடுத்து அடுக்கியபொழுது, நடுவே அந்தச் சாய்வெழுத்தைக் கண்டேன். மகளும் மருமகனும் வீடு பார்க்க வந்தபொழுது அவரும் உடன் வந்திருக்கிறார். தம் பெயரை எழுதி, சம்மதப் பெட்டியில் அடையாளமிட்டு, அடியில் "இப்பொழுது வரலாம்" என்று எழுதியிருந்தார்.

அவர்கள் வீடு வாங்கினர். ஒப்பந்தத்தின் பின், அத்திவாரம், மரச்சட்டம், கூரை, உட்சுவர் என்று ஒவ்வொரு கட்டமும் முடிய முடிய வாங்கியவர்க்கு மடல் அனுப்புவது எங்கள் வழக்கம். பேரன் வாசிக்க அவர் கேட்பாராம். அந்த மாரிகாலம் கடுமையாயிற்று. உறைபனியால் வேலை நின்றது. கையளிக்கும் நாள் மாதக் கணக்கில் பின்தள்ளப்படும் என்று தெரிந்தது. முறைப்படியான அறிவித்தல் சட்டத்தரணிகள் மூலம் செல்லும்வரை ஒன்றும் எழுதவேண்டாம் என்றும், சமையலறை அலங்காரம் பற்றி அழகான மடலொன்றை அனுப்பும்படியும் மேலிடத்தில் சொன்னார்கள். நல்ல செய்தி சொல்ல மாத்திரமா அந்த அட்டையில் சம்மதம் எழுதப்பட்டது என்று என் மனம் கேட்டது. இரண்டு நாள் வாதாடினேன். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்து சொன்னபின், தாமதத்தை உள்ளபடி எழுத இணங்கினார்கள். வாடகை வீட்டை விடுவதாக அறிவித்தல் கொடுக்க ஆயத்தமாயிருந்த பல குடும்பங்கள் அந்த மடலால் தெருவில் நிற்காமல் தப்பின. கோபித்தவர்கள் இருந்தார்கள், ஆயினும் இடாப்பை விட்டு வெளியேறியவர் மிகச் சிலரே. அநுமதி ஒருமுறை பெற்று முடிவதன்று. ஒவ்வொரு மடலிலும் உண்மை சொல்லிப் புதுப்பிக்க வேண்டியது என்று அன்று அறிந்தேன். புதுவீட்டில் பால் காய்ச்சிய நாளில் ஆசிரியர் என்னிடம் சொன்னது, "உமது கணக்குச் சரி" என்பது மாத்திரமே.

பின்னர் சட்டமும் வந்தது. அமெரிக்காவில் 2003இல் இயற்றிய சட்டம், வேண்டாம் என்று சொல்லும்வரை அனுப்ப இடங்கொடுத்தது. கனடாவில் 2010இல் இயற்றப்பட்டு 2014 யூலை 1ஆந் தேதி நடைமுறைக்கு வந்த சட்டமோ, சம்மதம் பெற்ற பின்னரே அனுப்பலாம் என்றது. பொருள் வாங்கியவருக்கு 2 ஆண்டும், விசாரித்தவருக்கு 6 மாதமும் சம்மதம் உண்டெனக் கருதப்படும். அதற்கு மேல் வெளிப்படையான சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்டு அனுப்பும் மின்னஞ்சலும் விளம்பரமாகவே கொள்ளப்படும். வெளியேற விரும்புபவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்கவேண்டும். சம்மதம் உண்டென்று நிறுவும் பொறுப்பு அனுப்பியவருடையது. மீறும் நிறுவனத்துக்கு ஒரு மீறலுக்கு 1 கோடி டொலர் வரை தண்டம் விதிக்கலாம். அந்த ஆண்டு யூன் மாதம் அலுவலகங்கள் பலவும் பதறின. எங்கள் இடாப்பிலோ ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சம்மதம் தந்த நாளும் இடமும் இருந்தன. சட்டம் சொன்ன அனைத்தையும், "அதுவும் கேளாமல் போகும் இரண்டாவது கடிதமல்லவா?" என்ற ஒரு கேள்வியில் ஆசிரியர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்.

2015இல் அவர் காலமானார். அந்தியேட்டி முடிந்தபின் மகள் தொலைபேசியில் அழைத்து, அப்பாவின் பெயருக்கு இன்னும் மடல் வருகிறது, நிறுத்தலாமா என்று கேட்டார். சட்டம் 10 நாள் தருகிறது. எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால், விசைப்பலகைமுன் நெடுநேரம் கை எழாமல் இருந்தேன். நீக்கிய பின்னர், கோப்பிலிருந்த அந்த அட்டையை நானே வைத்துக்கொள்ளலாமோ என்று மகளிடம் கேட்டேன். "தாராளமாக, அண்ணா" என்றார். இன்று அது என் மேசையில் இருக்கிறது.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. இன்று நம் கல்லூரியில் பயிலும் தம்பிமாருட் பலர் நாளை கணினித் துறையிலும் வணிகத்திலும் புகுவர். பல்லாயிரம் பேரின் முகவரிகள் அவர்தம் விரல்நுனியில் இருக்கும். அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் படலை என்பதை அவர்கள் மறவாதிருத்தல் வேண்டும். சங்கங்களின் இடாப்புக்களைக் காக்கும் என் தோழர்களுக்கும் இதுவே என் விண்ணப்பம். கல்லூரியின்மேல் வைத்த அன்பினால் தந்த முகவரி அது. அந்த அன்பை வேறொன்றுக்கு விலையாக்காதீர்கள்.

விழாக் காணும் நம் கல்லூரியின் வாயிலில் இன்றும் ஒரு பழைய மாணவனாய் நின்று கேட்டே, இச்சில சொற்களோடு உள்ளே வந்தேன்.  வாழ்க நம் கல்லூரி!